ரஃபீக் பாய்க்குப் போர்த்திய என் பொன்னாடை

1

இந்தியாவில் இருப்பவனை வெளிநாட்டில் இருப்பவன் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கனடாவில் பனி அள்ளுகிறவன் வெளிநாட்டுக்காரன். லண்டனில் பெற்றோல் செற்றில் நிற்கிறவன் வெளிநாட்டுக்காரன். சென்னைக்கு மேற்கே, ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிற நான் மட்டும் "பக்கத்திலை" இருக்கிறவன். போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் மகன் கதைத்தபோதும் அதையேதான் சொன்னான்.

"உனக்கென்னடாப்பா. தமிழ்ச் சனம், தமிழ்ச் சாப்பாடு. நாங்கள் நினைச்சால் பிளேனிலை ஏறிக் கெதியா வந்திடுவம்."

வந்துவிடுவான், சத்தியமாக. வந்துவிட்டுத் திரும்பியும் போய்விடுவான். அவனிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. நான் யுத்தம் மறுபடி மூண்ட வருடம் பள்ளிக்கூடச் சீருடையோடு படகில் வந்தவன். அகதிப் பதிவில் இருக்கிறேன். முகாமுக்கு வெளியே வாழ அனுமதி உண்டு. ஆனால் சொன்ன நாளில் காவல் நிலையத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். அப்பாவும் அம்மாவும் யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் முகாமிலேயே பிறந்து வளர்ந்த வதனியைக் கட்டி, ஒரு பெண் பிள்ளையும் பெற்று இங்கேயே நின்றுவிட்டேன். வதனிக்கு இலங்கை என்றால் படத்தில் பார்த்த தேசம். போனால் மறுபடி வர முடியாது. இருந்தால் எழும்ப முடியாது. இந்தச் சிறு விஷயத்தைப் பெரியம்மாவின் மகனுக்கு விளங்கப்படுத்த இத்தனை வருடமாக முயன்று தோற்றுவிட்டேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் தெருமுனையில் கட்டியிருக்கிற ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ரஃபீக் பாய் கும்பிட்டபடி சிரிக்கிறார். தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். "தண்ணீர்க் கவலை தீர்த்த தங்கமகனே வருக!" என்று எழுதியிருக்கிறது. கீழே குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளின் முகங்கள் வட்டம் வட்டமாக வரிசையில். ரஃபீக் பாய் பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருக்கிறவர்; என் முதலாளி; இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதர். அவர் செய்ததாக அந்தப் பேனர் சொல்கிற, தண்ணீர் லாரி வந்ததை அறிவிக்கிற செல்போன் ஆப்பைச் செய்தவன் நான்.

2

ஐயப்பன்தாங்கலிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி ஒன்றும் தூரமில்லை. ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற ஏரி. ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். லாரி வந்து தெருமுனையில் இருக்கிற கறுப்புத் தொட்டியை நிரப்பும். அங்கேயிருந்து குடத்தில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். லாரி எந்த நேரம் வரும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதனால் பெண்கள் காலையிலேயே தங்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் ஆளுக்குப் பதிலாக நிற்கும். லாரி வரும்போது ஆள் இல்லாவிட்டால் குடத்தைக் காலால் ஓரம் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஒருத்தியும் தெருவை விட்டு நகர முடியாது.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஒருநாள் வாசலில் உட்கார்ந்துகொண்டு பொரிந்து தள்ளினார்.

"லாரி எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது, நமக்கு எப்டிப்பா தெரியும்? ஒரு கல்யாணம் கருமாதிக்குப் போவ முடில. எங்க அக்கா அம்பத்தூர்ல ஒடம்பு முடியாம கெடக்குது, போய்ப் பாக்க முடில. கட்டிப் போட்ட மாரி ஊட்லயே கீறேன்."

அதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. சமாதான காலத்தில் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்யூனிகேசன் கடை வைத்திருந்தார். வீடுகளில் ரெலிபோன் இல்லாத காலம். ஜெர்மனியிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஒரு பிள்ளை கடைக்குப் போன் எடுத்து, "அம்மாவைக் கூப்பிட்டு விடுங்கோ, பேந்து, அரை மணித்தியாலத்திலை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அப்பா கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் பறப்பார். "பிள்ளையின்ரை ரெலிபோன் கோல் வந்திருக்கு, கெதியா வாங்கோ!" அந்த அம்மா அடுப்பை அணைத்தும் அணைக்காமலும், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். நாள் முழுக்க அவரைக் கடை வாங்குப் பலகையில் உட்கார வைக்காமல், வீட்டில் தன் வேலையைப் பார்க்க விட்டு, நேரத்துக்குக் கூப்பிடுவது. அப்பாவின் தொழில் அவ்வளவுதான்.

சைக்கிளுக்குப் பதிலாக ஒரு ஆப் போதுமே என்று தோன்றியது. முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பில் கணினி படித்தேன். மிச்சத்தைக் கடையில் பழுதான போன்களோடு மல்லுக்கட்டியே கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்யத் தொடங்கினேன். வதனி ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் நான் வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

3

முதலில் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பெயர் போட்டு, மின்னஞ்சல் போட்டு, கடவுச்சொல் போட்டு உள்ளே வர வேண்டும். அழகான வரைபடம். லாரி வந்தால் யாராவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; உடனே தெருவில் எல்லோருக்கும் போனில் செய்தி போகும். செய்தியை நல்ல தமிழில் எழுதியிருந்தேன்: "உங்கள் தெருவுக்குத் தண்ணீர் பவுசர் வந்துவிட்டது."

ரஃபீக் பாய் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா ஜெயா, பவுசர்னா யாரு? சேட்டு பேரு மாரி கீது."

நான் விழித்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் வண்டிக்கு வேறு பெயரே கிடையாது. வந்து இத்தனை வருடமாகிவிட்டது, கடையில் நான் வாய் திறந்தால் அசல் பூந்தமல்லிக்காரன் என்றே நினைப்பார்கள். எழுத உட்கார்ந்தால் மட்டும் படகில் வந்த பையன் எட்டிப் பார்க்கிறான்.

பவுசரை லாரியாக்கினேன். அப்படியும் ஒருவரும் சீண்டவில்லை. நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன்; அதில் பஜ்ஜி சுற்றி எனக்கே கொடுத்தார்கள். இணையத்தில் விளம்பரம் போட்டுப் பார்த்தேன். திண்டுக்கல்லில் இருக்கிற யாரோ இறக்கிக்கொண்டு, "எங்க ஊருக்கு லாரி வரல" என்று திட்டி எழுதினார். ரஃபீக் பாய் பழுது பார்க்க வருகிற போன்களில் எல்லாம் தானே ஆப்பைப் போட்டு அனுப்பினார். வீட்டுக்குப் போனதும் "வைரஸ் வந்திருக்கு" என்று அழித்துவிட்டார்கள். கல்லில் நார் உரித்த கதைதான். கடவுச்சொல்லைத் தூக்கினேன், வரைபடத்தைத் தூக்கினேன், கடைசியில் ஒரு பெரிய பொத்தான் மட்டும் மிஞ்சியது.

பிறகு சத்தத்தை மாற்றினேன். மல்லிகா அக்காவின் எவர்சில்வர் குடத்தை வாங்கிக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பதிவு செய்து, லாரி வந்தால் போன் அப்படி ஒலிக்க வைத்தேன். போனை ஜன்னலில் வைத்துவிட்டுச் சமைக்கிறவளுக்கு "ணங்" என்று கேட்கும். அது அவளுக்கு மட்டும் கேட்குமா? அடுத்த வீட்டுக்கும் கேட்கும். "அது இன்னாக்கா சத்தம்?" என்று ஒருத்தி கேட்க, "லாரி வந்துகீது, வா" என்று இவள் ஓட, அடுத்த நாள் அவள் போனிலும் ஆப் ஏறிவிட்டது. நான் தலைகீழாக நின்றும் நடக்காததை அந்தக் குடம் நடத்தியது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஒரு மாதத்துக்குள் தெருவில் சண்டை. சத்தம் கேட்டு ஓடிப் போனால் தொட்டி பாதிதான் இருக்கிறது என்று புகார். யார் அழுத்துகிறார்கள் என்று பார்த்தேன். முக்கால்வாசி நாள் மல்லிகா அக்கா. லாரியைக் கண்டதும் முதலில் தன் குடங்களை எல்லாம் நிரப்பி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆற அமர வந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். நேரே போய்க் கேட்டேன்.

"ஆமா, நம்ம கொடம் ரொம்பனாதானே ஊருக்குச் சொல்ல முடியும்? இதுல இன்னா தப்புன்ற?"

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என்ன செய்வது என்று யோசித்து, ஒரு வரி சேர்த்தேன். யார் முதலில் அழுத்துகிறாரோ அவர் பெயர் தெரு முழுக்கத் தெரியும்: "இன்று முதலில் சொன்னவர்: மல்லிகா, இரண்டாவது குறுக்குத் தெரு."

ஐயோ, அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மல்லிகா அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தன் பெயரைக் காட்டினார். மறுநாள் எதிர்வீட்டுக்காரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அழுத்தினாள். அதன் பிறகு லாரி டிப்போவைத் தாண்டும்போதே நாலு பேர் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இல்லாத லாரிக்கு அழுத்தியவர்களும் உண்டு. அதற்காக இரண்டாவது ஆள் ஒருவர் "ஆமாம்" என்று அழுத்தினால்தான் மணி அடிக்கும் என்று வைத்தேன். கோலடி, சேக்காடு, பட்டாபிராம் என்று சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஆப் தானாகவே போய்க்கொண்டிருந்தது. மல்லிகா அக்கா அம்பத்தூருக்குப் போய் அக்காவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். எந்த நேரமும் தெருவிலேயே கிடந்த பெண்கள் மார்க்கெட்டுக்குப் போனார்கள், சினிமாவுக்குப் போனார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

விளம்பரம் பற்றி நான் கற்றது இதுதான். சனங்களுக்கு ஆப்பெல்லாம் இரண்டாம் பட்சம். தன் பெயரை அடுத்த வீட்டுக்காரி பார்க்க வேண்டும், அதற்கு எதையும் செய்வார்கள்.

4

என் பெயரை மட்டும் எங்கும் போட முடியவில்லை.

அதுவரை ஆப்பை லிங்கில் அனுப்பியே போன் போனாக ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆப் ஸ்டோரில் ஒரு ஆப்பை வைக்க வேண்டுமானால் செய்தவரின் அடையாளத்தைக் காட்ட வேண்டும். முதல் கேள்வியே நாடு எது என்பதுதான். நீளமான வரிசையில் உலகத்தில் உள்ள எல்லா நாடும் இருந்தது. இலங்கை என்று தொட்டால் அந்த நாட்டு பாஸ்போர்ட் கேட்டது. இந்தியா என்று தொட்டால் அவர்கள் கேட்ட தாள்களில் என்னிடம் இருந்தது ஒன்றும் பொருந்தவில்லை. என் அகதிப் பதிவுத் தாளைப் படம் எடுத்துப் போட்டேன். "இந்த ஆவணம் ஏற்கப்படும் வகையைச் சேர்ந்தது அல்ல" என்று பதில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில். யாரோடு சண்டை பிடிப்பது? அந்தப் பக்கம் மனிதர் யாரும் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை.

காவல் நிலையத்துக்குக் கையெழுத்துப் போடப் போன நாளில் அதிகாரியிடமே கேட்டுப் பார்த்தேன். மகள் தர்சிகாவுக்கு அன்று பள்ளி விடுமுறை. அவளும் கூட வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், நாங்க சொந்தமா சின்னதா ஏதாவது பண்ணலாமா? என் பேர்ல?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. வந்தால் உட்காரச் சொல்வார், சில நாள் டீயும் வரும்.

"பண்ணக் கூடாதுன்னு நான் சொன்னேனா? ஆனா பண்ணலாம்னு எழுதித் தரவும் முடியாது. உங்க மூணு பேர் மனுவும் மேல போயிருக்கு. அது முடியற வரைக்கும் உங்க பேரு எதுலயும் அடிபடாம பாத்துக்குங்க. நல்லதோ கெட்டதோ, பேரு வெளிய வந்தாலே யாராவது ஒருத்தன் பெட்டிஷன் போடுவான். அப்புறம் ஃபைலு அங்கயே படுத்துக்கும்."

எங்கள் மூவருக்கும் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு அது. தர்சிகா பிறந்ததும் போட்டது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவளுக்காகத்தான் அந்த மனுவே. எனக்கு எந்த நாடு வாய்த்தால் என்ன? அவள் ஒருநாள் எந்தக் கையெழுத்தும் இல்லாமல் விமானத்தில் ஏறித் தாத்தா அப்பம்மாவைப் பார்த்துவிட்டு, அவள் பிறந்த ஊருக்கே திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று மாலை கடையில் ரஃபீக் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் ஆதார் அட்டையை எடுத்து மேசையில் போட்டார்.

"எம் பேர்ல போடு. எம் பேரு சும்மாதானே கீது. என்னிக்கு உன் தாளு வருதோ அன்னிக்கு மாத்திக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

"வேணாம் பாய். நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா உங்க தலைல விடியும்."

"இன்னா பெரிய பிரச்சின? தண்ணி வந்துச்சின்னு சொன்னதுக்குத் தூக்குல போட்டுடுவானா? போடுடா நைனா."

போட்டேன். உருவாக்கியவர்: முகமது ரஃபீக். அந்த எழுத்துகளை நானே அடித்தேன்.

5

குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ரஃபீக் பாயைக் கூப்பிட அதன் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். ஆப்பில் இருந்த பெயரைப் பார்த்து விசாரித்துக் கண்டுபிடித்தாராம். பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிய கையைக் கடைசிவரை விடவில்லை. நான் பக்கத்தில் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போனதும் பாய் என் மீது பாய்ந்தார்.

"தலைய ஆட்டுறியே, மேடைல ஏறி நான் இன்னா சொல்லுவேன்? எப்டி செஞ்சீங்கன்னு கேட்டா? நான் கவர் மாட்டத் தெரிஞ்சவன்டா! பேசாம மைக்கப் புடிச்சி உண்மையச் சொல்லிட்றேன். செஞ்சது இவரு, நம்ம சிலோன்காரரு, எல்லாரும் கைதட்டுங்கன்னு."

"பாய், உங்க கால்ல விழறேன். மனு மேல இருக்கு."

அன்று முழுக்கப் பாய் கடைக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தார்.

விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். போகாமல் இருந்தால் தெருவில் கேட்பார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். பட்டுக்கரை போட்ட பொன்னாடையைச் செயலாளர் விரித்துப் போர்த்தினார். பாய் மைக்கில், "எல்லாம் ஆண்டவன் செயல். நான் ஒண்ணுமே செய்யல" என்றார். அவர் உள்ளபடியே சொன்னார். கூட்டம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. மல்லிகா அக்கா விசில் அடித்தார். நானும் கைதட்டினேன். வதனி தட்டவில்லை. தர்சிகா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து பாய் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, பொன்னாடையை வதனியின் கையில் கொடுத்தார். "இது உங்க ஊட்டுக்காரருது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். வதனி அதை மடித்து அலுமாரியில் வைத்தாள். பிறகு குசினிக்குள் போய் ஏனங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுக் கழுவினாள்.

"என்னப்பா, என்னிலை கோவமோ?"

"உங்களிலை நான் ஏன் கோவிக்கப் போறன்? கோவிச்சால் மட்டும் ஏதும் மாறுமோ? போய்ப் படுங்கோ."

6

தர்சிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேசுகிற தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. "இன்னாப்பா", "எங்க கீது" என்றுதான் வரும். எங்கள் ஊரில் அப்பாவை "நீங்கள்" என்றுதான் பிள்ளைகள் சொல்லும். இவள் என்னை "நீ" என்கிறாள். முதலில் சுர்ரென்று வரும். பிறகு பழகிவிட்டது. அப்பா தொலைபேசியில் பேத்தியோடு கதைத்துவிட்டு, "அவள் என்னடா, சினிமாவிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள்" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். எங்களைப் போலவே "அவையள்", "இஞ்சை" என்று பேசி அவளும் கேலி செய்து காட்டுவாள். எங்கள் தமிழ் அவளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான்.

அவள் பள்ளியில் ஆப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பேனர் கட்டுவதற்கு வெகு நாள் முன்பே, "எங்கப்பா செஞ்சது" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். பேனர் ஏறியதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "போட்டோல பாய் கீறாரு, உங்கப்பா எங்கடி?" அதிலும் சங்கச் செயலாளரின் மகள் அதே வகுப்பு. "எங்கப்பாதான் அவருக்குப் பொன்னாடை போட்டாரு. நீ புளுகினி" என்றிருக்கிறாள். தர்சிகா அவளைத் தள்ளிவிட்டாள். விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு. பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

போனபோது ஆசிரியை, செயலாளர், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அறையில் இருந்தார்கள். ஆசிரியை நல்ல பெண்தான். குரலை உயர்த்தவேயில்லை.

"தர்ஷி ரொம்ப நல்ல பொண்ணு சார். தள்ளிவிட்டதுக்கு அப்பவே சாரி சொல்லிட்டா. ஆனா அந்த ஆப்பை எங்கப்பாதான் பண்ணாருன்னு அதுலயே நிக்கறா. நானே அந்த ஆப் யூஸ் பண்றேன் சார், அதுல பேரு போட்டிருக்கு. பொய்னு ஒத்துக்கோன்னா அழறாளே தவிர ஒத்துக்க மாட்டேங்கறா. கிளாஸ் முழுக்க கிண்டல் பண்ணுது. நீங்களே சொல்லிடுங்க சார், நீங்கதான் அதைப் பண்ணீங்களா?"

செயலாளரும் என்னைத்தான் பார்த்தார். தெருவில் ஒரு விஷயம் பரவ அவர் ஒருவர் போதும். அவர் கையில் இருக்கிற வாட்ஸப் குழுக்களுக்குக் கணக்கே இல்லை. ஓம், நான்தான் என்றால், அன்று மாலைக்குள் ஐயப்பன்தாங்கல் முழுக்கத் தெரியும். அடுத்து ரஃபீக் பாய் எதற்குப் பெயர் கொடுத்தார் என்று கேட்பார்கள். அதற்கு அடுத்து காவல் நிலையத்தில் கேட்பார்கள். இல்லை என்றால், என் பிள்ளையின் முகத்துக்கு நேரே, அவள் பொய்க்காரி என்று நான் சொன்னதாகும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை என்பார்களே, அன்றுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. யார் மீது ஆத்திரப்படுவது என்றே தெரியாமல் எல்லோர் மீதும் ஆத்திரம் வந்தது. கேட்ட ஆசிரியை மீது, பேனரில் வட்டப்படம் போட்ட செயலாளர் மீது, என் மீது.

தர்சிகா அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே சொன்னாள்:

"மிஸ், எங்கப்பா செய்யல. நான்தான் சும்மா சொன்னேன்."

"பாத்தியா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சாரி மிஸ்."

செயலாளர் பெரிய மனதோடு என் தோளைத் தட்டினார். "விடுங்க சார், கொழந்தைங்க. பாய் கடைல வேலை பாக்கறீங்கல்ல, அதனால அப்படி நெனச்சிருக்கும்." நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? வகுப்பின் முன்னால் போய் ஒருமுறை சொல்லிவிட்டு வா என்று ஆசிரியை அனுப்பினார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. கொஞ்சமும் நடுங்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாள். பிள்ளைகள் "ஓ" என்று கத்தின.

அரைநாள் விடுப்புச் சொல்லி அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ? நீ சொன்னது உண்மைதானே?"

"பின்ன? நீ ஆமான்னு சொன்னா அந்த அங்கிள் எல்லாருக்கும் சொல்லிடுவாரு. ஸ்டேஷன்ல கூப்புடுவாங்க. நான் அன்னிக்கு கேட்டுகினுதானே இருந்தேன். இல்லன்னு சொன்னா உனக்கு அழுகை வந்துடும். அதான் நானே சொல்லிட்டேன்."

பத்துப் பன்னிரண்டு வயதில் நான் அறிந்த பயங்களை இவள் அறியாமல் வளர வேண்டும் என்றுதானே முகாமை விட்டு வந்தது, இந்தக் கடை, இந்த வாடகை வீடு, இந்த மனு எல்லாம். என் பிள்ளைக்கு முன்னால் நின்று "நான்தான் செய்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதவனாக என்னை எது ஆக்கியதோ, அதை அவள் தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டு எனக்குக் காவல் நிற்கிறாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

தோளைக் குலுக்கினாள். "எனக்கு இன்னாப்பா. ஒரு தடவ சாரி சொன்னா முடிஞ்சிடுச்சி. உனக்குதான் முடியாது."

பஸ்களும் லாரிகளும் போய்வருகிற தெரு. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். போகிற வருகிறவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் முதுகில் மெதுவாகத் தட்டி, "சரி, சரி, வண்டிய எடு" என்றாள்.